பத்துக்கு முன் பதினொன்று

பனங்காட்டுக் கொட்டகையில்
இங்கிலீஷ் படம் ஓடினால்
மைக்கைப் பிடித்துக் கதை சொல்பவன் நான்.
காட்சிக்கு மூன்று ரூபாய்,
இடைவேளையில் ஒரு செட் தட்டுவடை.
எனக்கு இங்கிலீஷ் தெரியாது.
தெரியாதென்பது முதலாளிக்குத் தெரியாது.

அந்த வாரம் ஸ்பெயின் தேசத்து வீரன்.
எந்த நூற்றாண்டோ, எல்லோரும் தாடி வைத்த நூற்றாண்டு.
மண் நிறக் கோட்டை,
குதிரைகள், குதிரைகள், மேலும் குதிரைகள்.
கிரீடம் வைத்த ஒருவனை அண்ணன் என்றேன்.
அரை மணி கழித்து அவனையே மாமன் என்றேன்.
ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

கணக்கு வேறிடத்தில் நடந்தது.
பெஞ்சு டிக்கெட் முழுக்கக் கொலுசுப் பட்டறை ஆட்கள்.
வீரன் கிட்டத்தில் வரும்போதெல்லாம்
முகத்தை விட்டுவிட்டு
அவன் மார்பில் தொங்கும் இரும்புச் சட்டையைப் பார்த்தார்கள்.
வளையத்துக்குள் வளையம், அதற்குள் வளையம்.
"பொடி வச்சு ஊதினதா, வெறும் முறுக்கா?"
பாவாயி கேட்டது மைக்கிலேயே விழுந்தது.
"ஊதினதுதான்" என்றேன்,
வீரனின் வாயசைவுக்குள் அடக்கி.
பெஞ்சுகளில் ஒரு திருப்தி.

இடைவேளைக்குப் பின்
சவரிநாதன் பெட்டியை மாற்றிப் போட்டுவிட்டான்.
வெள்ளைக்கல் சுரங்கத்து வேட்டில்
மச்சானுக்குக் கை போன நாள்.
அவனில் பாதி பெரியாஸ்பத்திரியில் இருந்தது.
பத்துக்கு முன் பதினொன்று.

திரையில் வீரன் செத்தான்.
விலாவில் ஈட்டி முறிந்த இடம், கட்டில், மெழுகுவத்தி,
நெற்றியில் மனைவியின் உதடு.
நானும் குரலைத் தாழ்த்தி
"கதவைச் சாத்து கண்ணே, காத்து வருது" என்றேன்.
தரை டிக்கெட் முழுக்க மூக்குறிஞ்சும் சத்தம்.

அடுத்த சுருளில்
குதிரைமேல் வருகிறான்.

கொட்டகை மொத்தமும் என் பக்கம் திரும்பியது.

"பயப்படாதீங்க" என்றேன்.
"செத்தது செத்ததுதான்.
வெளியே நிக்கிற பகையாளிக்கு அது தெரியலாமா?
முதுகுக்கு முட்டுக் கொடுத்து
சேணத்தோடு கட்டி அனுப்பிட்டாங்க.
போறது பொணம்."

"பொணம் தண்ணி குடிக்குதே?"
செங்கோடன். சுரங்கத்திலிருந்து நேராக வந்தவன்,
புருவம் வரை வெள்ளைத் தூள்.
"ஊத்துறாங்க. உள்ள எறங்குதா பாரு."
பிணம் சிரித்தது.
"பல்லு தெரியுது, அவ்வளவுதான்."
பிணம் ஒருத்தியை இழுத்து அணைத்தபோது மட்டும்
சவரிநாதன் வழக்கம்போல் வெளிச்சத்தைக் கையால் மறைத்தான்.
கும்பிடத் தோன்றியது.

கால் மணி நேரம் நான் விடாமல் அவனைச் சாகடித்தேன்.
அவன் விடாமல் உயிரோடு இருந்தான்.

பிறகு பன்னிரண்டாம் பெட்டி.
விடியாத கோட்டை. பேச்சில்லை, இசையில்லை.
நான்கு பேர் ஒருவனைத் தூக்கி வருகிறார்கள்.
முதுகுக்கு இரும்புச் சட்டம்.
இடுப்புக்குத் தோல்வார், இரண்டு சுற்று.
சாம்பல் நிறக் குதிரை கழுத்தைத் திருப்பி
அவனை ஒருமுறை முகர்கிறது.
கண் திறந்திருக்கிறது, எதையும் பார்க்கவில்லை.
கதவு திறக்கிறது.

கையில் மைக் இருந்தது.
வாயில் ஒரு சொல் இல்லை.
நான் சொன்ன பொய்
ஆற்றங்கரையோரமாகப் போய்க்கொண்டிருந்தது,
ஆயிரம் பேர் விலகி வழிவிட.

யாரும் விசிலடிக்கவில்லை.
செங்கோடன் எழுந்து தலைத்துண்டை அவிழ்த்தான்.
உதிர்ந்த தூள் வெளிச்சத்தில் மிதந்து
சற்று நேரம் திரையில் புழுதியாக இருந்தது.
"உக்காருய்யா" என்று எவனும் சொல்லவில்லை.
பாவாயி போகும்போது என்னிடம் கேட்டாள்:
"அந்தச் சட்டையைக் கழட்டிட்டாப் பொதைப்பாங்க?"
தெரியாது என்றேன்.
அன்றைக்கு நான் சொன்ன ஒரே உண்மை.

காலையில் பெட்டிகள் ஏற்காடு போகவேண்டும்,
எஸ்டேட் சம்பள நாள் காட்சிக்கு.
முதல் பஸ்ஸின் கூரையில் ஏறி
பதினான்கையும் நிறுத்தி வைத்தேன், வரிசை பார்த்து.
"படுக்க வைய்யா, இருபது கொண்டை ஊசி இருக்கு"
என்றார் கண்டக்டர் கீழிருந்து.
நான் படுக்க வைக்கவில்லை.
நார்க்கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி
முழங்காலால் அழுத்தி முடிந்தேன்.
மலைமேல் பனி அடர்த்தியாக இருந்தது.
முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு
இறங்கினேன்.